ஆயர் மெகின்ஹார்ட் இறந்த பிறகு

அரசர் போப்பாண்டவரைப் பதவியிலிருந்து நீக்கி, போப்பாண்டவர் அரசரைத் திருச்சபையிலிருந்து நீக்கி, நீக்கப்பட்ட இருவரும் முன்னைவிட மும்முரமாக ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஆல்ப்ஸ் மலையின் வடக்குச் சரிவில் இருந்த ஆல்பர்ன் என்ற ஊரின் ஆயர் மெகின்ஹார்ட், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இறைச்சி உண்ணக் கூடாத நாள் என்பதால் மீன் உண்ணப்போய், அதன் முள் தொண்டையில் சிக்கி இறந்துபோனார். ஊர் அவருக்காக நன்றாகவே அழுதது. அவர் பெரிய புனிதரும் இல்லை, பெரிய பாவியும் இல்லை. வழக்கு என்று போனால் உட்காரவைத்துக் கேட்பார், பிறகு இருவரில் எவர் பெரிய மனிதரோ அவர் பக்கமாகத் தீர்ப்புச் சொல்வார், ஆனால் தோற்றவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்து அனுப்புவார்.

இறந்த ஆயரை அடுத்த ஆயர்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஆல்பர்னின் வழக்கம். அடுத்த ஆயர் வர வேண்டுமானால் அவர் கையில் யாராவது மோதிரத்தையும் கோலையும் கொடுக்க வேண்டும். அதை யார் கொடுப்பது என்பதுதான் ரோமாபுரியிலிருந்து வடகடல் வரை அன்று நடந்துகொண்டிருந்த சண்டை முழுவதும். நிலம் என்னுடையது, அதனால் நான்தான் கொடுப்பேன் என்றார் அரசர். ஆன்மாக்கள் என்னுடையவை, நான்தான் கொடுப்பேன் என்றார் போப்பாண்டவர். ஆகவே அரசரின் தூதராக உடோ பிரபு தன் ஆளை ஆயராக்க அழைத்துக்கொண்டு வடக்கு வாசல் வழியாக வந்தார். போப்பாண்டவரின் தூதராக லான்ஃப்ரெடோ என்ற துறவி தன் ஆளை அழைத்துக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வந்தார். இருவரும் பேராலயத்தில் கிடத்தியிருந்த உடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாதாடினார்கள். முதலில் லத்தீனில் வாதாடினார்கள், பிறகு அவரவர் தாய்மொழியில், பிறகு மொழி தீர்ந்து கைகளால்.

கைகளால் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் ஆயர் எழுந்து உட்கார்ந்தார். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்த மாவுமில் வாய்க்கால் வழக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

யாரும் ஓடவில்லை. மடத்து வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஆயரின் மூக்கருகே ஓர் இறகைப் பிடித்துப் பார்த்தார், மார்பில் காதை வைத்துக் கேட்டார், விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார், பிறகு ஆயர் இறந்துதான் இருக்கிறார், அதில் எந்த மாற்றமும் இல்லை, உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் என்றார். இறந்தவர் உட்காரலாமா என்று குருக்கள் நூல்களைப் புரட்டினார்கள். உட்காரக் கூடாது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமை வந்தது, ஆயர் போய் வாய்க்கால் வழக்கைக் கேட்டார். மில்காரனுக்குப் பின்னால் இருந்த பிரபு முகத்தைச் சுளித்துக் காட்டியும், ஆயர் அந்த முகத்தை ஒரு சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற ஏழைக் குடியானவன் பக்கமாகத் தீர்ப்புச் சொன்னார். இறந்தவருக்குப் பொய் வராது என்பதை ஊர் அன்று தெரிந்துகொண்டது.

இப்படித்தான் ஆல்பர்ன் ஓர் இறந்த ஆயரோடு வாழப் பழகியது. கோடையில் அவரை மேலே வைத்திருக்க முடியாது என்பதால் வழக்கு மன்றத்தைப் பேராலயத்தின் நிலவறைக்கு, பாலாடைக்கட்டிகளும் திராட்சை மதுப் பீப்பாய்களும் இருந்த இடத்துக்கு மாற்றினார்கள். வழக்குக்கு வருகிறவர்கள் ஆடி வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார்கள். அவருடைய கை குளிர்ந்திருந்ததால் ஞானஸ்நானத்தின்போது குழந்தைகள் ஒரே ஒரு முறை வீறிட்டுவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் அமைதியாகத் தூங்கின என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சுரக்காரர்கள் அவர் பக்கத்தில் உட்கார இடம் கேட்டார்கள். மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் மட்டும் ஆயருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லையே என்று முணுமுணுத்தார்கள்.

தூதர்கள் இருவரும் தங்கள் எஜமானர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். இறந்த ஆயர் கலகம் செய்யமாட்டார், ஆகவே இவரே இருக்கட்டும், நம்மவர் என்று அறிவித்துவிடலாம் என்றார் உடோ. மனைவி இல்லாத குருக்களே வேண்டும் என்று போப்பாண்டவர் எவ்வளவோ பாடுபடுகிறார், அந்த விஷயத்தில் இவரைவிடச் சிறந்த ஆயர் கிடைக்கமாட்டார், நம்மவர் என்று அறிவித்துவிடலாம் என்றார் லான்ஃப்ரெடோ. ஆயராவதற்கென்று அழைத்துவரப்பட்ட இரண்டு ஆட்களும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஆற்றங்கரையில் பகடை ஆடி நல்ல நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

பிறகு ஆயருக்கு மறதி வந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு வரும் மறதி இல்லை அது; ஒரு கம்பளியைக் கடைசி முடிச்சிலிருந்து பிரித்துக்கொண்டு போவதுபோல, கடைசியில் நடந்தது முதலில் போயிற்று, அதற்கு முந்தியது அதற்கடுத்துப் போயிற்று. முதலில் தன்னைக் கொன்ற மீனை மறந்தார். வெள்ளிதோறும் இன்று மீன் இல்லையா என்று கேட்டார். பிறகு தூதர்களின் பெயர்களை மறந்தார். பிறகு ஒரு நாள் இப்போதைய அரசரின் தகப்பனார் நலமா என்று விசாரித்தார். அந்தத் தகப்பனார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, அவர் எழுந்து உட்காரவும் இல்லை. தூதர்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆயர் யாரிடமிருந்து மோதிரம் வாங்கினார் என்பதை அவர் வாயாலேயே ஊரறியச் சொல்லவைத்தால்தான் அவர் யாருடையவர் என்பது முடிவாகும். அதற்குள் அவர் மோதிரம் வாங்கிய நாளையே மறந்துவிட்டால்? குளிர்காலத்தில் வரும் லூசியா புனிதையின் திருநாளன்று பேராலயத்தில் சபை கூட்டுவதென்று அவசரமாக முடிவுசெய்தார்கள். அதுவரை தினமும் காலையில் உடோ வந்து, அரசர்தான் கொடுத்தார் என்று சொல்லிக்கொடுப்பார். அவர் போனதும் லான்ஃப்ரெடோ வந்து, திருச்சபைதான் கொடுத்தது என்று சொல்லிக்கொடுப்பார். ஆயர் இரண்டையும் மரியாதையாகத் திருப்பிச் சொல்லி, மதியத்துக்குள் இரண்டையும் மறந்துவிடுவார்.

இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல் ஆயர் நிலவறையிலிருந்து எழுந்து, பொன்சரிகை அங்கியோடும் கோலோடும் சந்தையைக் கடந்து, பாலத்தைக் கடந்து, தோல் பதனிடுகிறவர்கள் இருந்த தெருவுக்குள் போய், ஹில்ட்ரூட்டின் வீட்டுக் கதவைத் தள்ளினார்.

ஹில்ட்ரூட் யாரென்று ஆல்பர்னில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மெகின்ஹார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் கோயிலின் குருவாக இருந்தபோது அவள் அவருடைய மனைவி. அந்தக் காலத்தில் அநேகக் குருக்களுக்கு மனைவிமார் இருந்தார்கள். அது யாரையும் உறுத்தவில்லை. பிறகு ரோமாபுரியிலிருந்து ஆணை வந்தது: மனைவியா பீடமா, ஒன்றைத் தேர்ந்துகொள். மற்றக் குருக்கள் தயங்கினார்கள், மனைவிமாரை அக்காள் என்றார்கள், சமையல்காரி என்றார்கள், மேற்பார்வைக்கு ஆள் வரும்போது வைக்கோல் போரில் ஒளித்துவைத்தார்கள். மெகின்ஹார்ட் மட்டும் ஆணையைப் பீடத்தில் நின்று உரக்க வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அவளைப் போகச் சொன்னார். அந்தக் கீழ்ப்படிதலுக்காகத்தான் அவரை ஆயராக்கினார்கள். அவள் தன் தகப்பன் விட்டுப்போன வீட்டில் பார்லி மது காய்ச்சி விற்றாள். ஊரே அதைத்தான் குடித்தது. ஆயர் மாளிகையின் வேலைக்காரனும் வந்து வாங்கிப் போவான், யாருக்கென்று சொல்லமாட்டான், அவளும் கேட்கமாட்டாள்.

"கதவை ஏன் தாழ் போட்டிருக்க?" என்று வெளியே நின்று கேட்டார் மெகின்ஹார்ட்.

அவள் மது கிளறும் துடுப்போடு வந்து கதவை ஒரு சாண் திறந்தாள். "நீங்க செத்துப்போயிட்டீங்க."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்றார் அவர். "ஆட்டைக் கறந்தாச்சா?"

அந்த ஆடு செத்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். அவர் வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். மது வாங்க வந்தவர்கள் ஆயரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சிலர் அவர் கைமோதிரத்தை முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளும் அவர் அங்கேயே இருந்தார். நிலவறைக்குப் போன வழக்காளிகள் விஷயம் கேள்விப்பட்டு இங்கே வந்து வரிசையில் நின்றார்கள். வெறுமனே நிற்பானேன் என்று ஆளுக்கொரு குவளை வாங்கினார்கள்.

ஹில்ட்ரூட் உள்ளே பார்லி இடித்தாள். அவளுக்குள் பேச்சு தயாராக இருந்தது. அவரைப் பிரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறை பார்லி இடிக்கும்போதும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிக் கூர்மையாக்கி வைத்திருந்தாள். என்றாவது ஒரு நாள் அவர் வருவார், தலை குனிந்து நிற்பார், அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் கொட்ட வேண்டும் என்று இருந்தாள். அவர் வந்தும்விட்டார். ஆனால் வந்தவருக்கு எதுவும் நினைவில்லை. ஆணை நினைவில்லை, பீடத்தில் நின்று வாசித்தது நினைவில்லை, அவளைப் போகச் சொன்னது நினைவில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பியவன் மாலையில் திரும்பியதுபோல வந்து உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். திட்டுவதற்கு ஆளே இல்லாமல் போன கோபம் அது.

கடைசியில் அவள் வெளியே வந்து அவருக்கு எதிரே ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். ஒரு குரு இருந்தான், அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவன் அவளுடைய துணிமூட்டையைத் தானே கட்டிக்கொடுத்தான், கட்டும்போது கை நடுங்கவில்லை, பாலம் வரைகூட வந்து வழியனுப்பவில்லை. வரிசையில் நின்றவர்கள் குவளையை வாயில் வைக்காமல் கேட்டார்கள். மெகின்ஹார்ட் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"அந்த ஆளு செஞ்சது தப்பு," என்றார் அவர். "அவன் இப்ப எங்க இருக்கான்?"

"செத்துட்டான்."

"அப்படின்னா அவனைக் கேக்க முடியாதே," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"முடியாது," என்றாள் அவள்.

மழை வரப்போகிறது, நனைந்தால் நாறிப்போவார், அதனால்தான் உள்ளே விட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் பிறகு சொன்னாள்.

இரண்டு தூதர்களும் ஒன்றாக வந்து அவளோடு சண்டைபோட்டார்கள். அதுவரை அவர்கள் எங்கும் ஒன்றாகப் போனதில்லை. ஆயர் ஒரு பெண்ணின் வீட்டில் தங்குவது முறையில்லை என்றார் லான்ஃப்ரெடோ. ஹில்ட்ரூட் துடுப்பைக் கீழே வைக்காமல், அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். லான்ஃப்ரெடோ படித்தவர், கவனமாகப் பதில் சொன்னார்.

"நிர்வாகத்துக்கு அவர் உயிரோடு இருக்கிறார். மற்றதற்கு இல்லை."

"அப்ப பரவாயில்ல," என்றாள் ஹில்ட்ரூட். "இங்க அவர் மத்ததுக்குத்தான் வந்திருக்கார்."

அந்தச் சில வாரங்கள் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். அவர் காலையில் வழக்குக் கேட்டார், மாலையில் அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து பீப்பாய்களுக்கு வளையம் மாட்டினார். அவர் எதையும் உண்ணவில்லை, ஆனாலும் அவள் அவருக்கு ஒரு தட்டு வைத்தாள், பிறகு இரண்டு தட்டையும் அவளே சாப்பிட்டாள். அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இளையவரானார். உடம்பில் இல்லை, பேச்சில். ஒரு வாரம் அவர்களுக்குள் எப்போதோ நடந்த சண்டை ஒன்று மறுபடி நடந்தது, கூரை ஓட்டையை யார் அடைப்பது என்று. அந்தக் கூரையே இப்போது இல்லை. அதற்கடுத்த வாரம் அவர் அவள் கூந்தலைப் பின்னிவிடட்டுமா என்று கேட்டார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திகிலாகவும் இருந்தது. இந்தக் கணக்கில் போனால் அவர் தன்னைச் சந்தித்த நாளையும் தாண்டிப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் இந்த வீட்டில் யாரோ ஒரு பையன்தான் உட்கார்ந்திருப்பான்.

லூசியா புனிதையின் திருநாள் காலை, விடியுமுன் வெளியே போயிருந்த அவர் திரும்பி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், கதவோரம் நின்றார். வெளியே பனி இறுகியிருந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் கூச்சம் இருந்தது.

"நீங்க ஹில்ட்ரூட்டோட அம்மாவா?" என்று கேட்டார்.

அவள் துடுப்பைச் சுவரில் சாய்த்துவைத்தாள். "நான்தான் ஹில்ட்ரூட்."

அவர் அவளை நரைத்த தலையிலிருந்து வெடித்த குதிகால் வரை வெகுநேரம் பார்த்தார். இறந்தவர்களுக்கு ஆச்சரியம் வராது. "சரி," என்றார். பிறகு தான் ஏழைதான் என்றும், படிப்பு உண்டு என்றும், ஒரு சின்னக் கோயில் கிடைக்கும் போலிருக்கிறது என்றும், அவளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்றும், தொப்பியைத் திருகித் திருகிச் சொல்லி முடித்தார்.

அந்த நேரத்தில்தான் உடோவும் லான்ஃப்ரெடோவும் பல்லக்கோடும் பாடகர்களோடும் ஆயரைச் சபைக்கு அழைத்துப்போக வந்து வாசலில் நின்றார்கள். ஹில்ட்ரூட் அவர்களைப் பார்த்தாள், கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட," என்றாள் அவரிடம். அவள் அவரை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எதிரே நின்றவனுக்கு அவளில் பாதி வயதுதான். "நாளைக்கு உன்னைவிடப் பெரியவங்க யாராவது வந்து, இவளை விட்டுடுன்னு சொன்னா என்ன செய்வ?"

முதல் தடவை அவன் இதே வாசலில் நின்று கேட்டபோது அவள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமலே அவன் எல்லாப் புனிதர்களின் எலும்புகள் மேலும் சத்தியம் செய்து, எது வந்தாலும் பிரியமாட்டேன் என்றிருந்தான். இப்போது சத்தியம் செய்யவில்லை. தரையைப் பார்த்தான், யோசித்தான். பாடகர்கள் குளிரில் கால் மாற்றி நின்றார்கள்.

"விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைக்கிறேன்," என்றான். "எனக்குப் பெரியவங்கன்னா பயம்."

ஹில்ட்ரூட் கவிழ்ந்து கிடந்த பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாள் என்று உடோ பிறகு சொன்னார், சிரித்தாள் என்று லான்ஃப்ரெடோ சொன்னார், அவர்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை. இத்தனை காலம் அவள் கூர்மையாக்கி வைத்திருந்த பேச்சுக்கெல்லாம் அவளுக்கு வேண்டியிருந்த பதில் இது ஒன்றுதான். அதைச் சொல்ல அவன் செத்துத் திரும்பி இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

"சரி," என்றாள். "உன்னைக் கட்டிக்கிறேன்."

அவன் முகம் மலர்ந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். பிறகு வெகுதூரம் நடந்து வந்திருக்கிறேன், கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் பார்லி மூட்டைகளைக் காட்டினாள். அவன் பொன்சரிகை அங்கி கசங்காமல் சரிசெய்துகொண்டு மூட்டைகளின் மேல் படுத்து, கண்ணை மூடினான். உடோ கூப்பிட்டுப் பார்த்தார். லான்ஃப்ரெடோ அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது விழுந்தது.

அந்தக் காலத்தில் திருமணத்துக்குக் குரு வேண்டியதில்லை. இருவர் மனமொத்துச் சொன்ன வார்த்தையும் அதைக் காதால் கேட்ட சாட்சிகளும் இருந்தால் போதும். அரசரின் தூதரும் போப்பாண்டவரின் தூதரும் கேட்டுவிட்டார்கள். லான்ஃப்ரெடோ இந்தத் திருமணம் செல்லாது என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு யோசித்தார். செல்லாது என்றால் படுத்திருப்பவர் இன்னும் ஆயர். செல்லும் என்றால் அவர் மனைவியுள்ளவர், மனைவியுள்ளவர் ஆயர் அல்ல, ஆகவே பதவி காலி. அதே கணக்கை உடோவும் போட்டு முடித்திருந்தார். இருவரும் ஒரே மூச்சில் ஹில்ட்ரூட்டுக்கு வாழ்த்துச் சொன்னார்கள், அடுத்த மூச்சில் துக்கமும் சொன்னார்கள், மோதிரத்தை ஒருவரும் கோலை ஒருவரும் பிடுங்கிக்கொண்டு, ஆற்றங்கரையில் பகடை ஆடிக்கொண்டிருந்த தங்கள் ஆட்களைத் தேடி ஓடினார்கள். பாடகர்கள் யார் பின்னால் ஓடுவதென்று தெரியாமல் பாதிப் பாதியாகப் பிரிந்து ஓடினார்கள். பல்லக்கு வாசலிலேயே கிடந்தது.

மதியத்துக்குள் பேராலயத்தின் வடக்கு மூலையில் ஓர் ஆயரும் தெற்கு மூலையில் ஓர் ஆயரும் பதவியேற்றார்கள். ஒருவரிடம் மோதிரம் இருந்தது, ஒருவரிடம் கோல் இருந்தது. ஊரின் குருக்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அதனால் அடக்கத்துக்கு ஒரு குருவும் கிடைக்கவில்லை. எந்த ஆயர் அடக்கம் செய்வது என்று கேட்க யாரும் போகவில்லை. அவர் ஆயரும் இல்லை, செத்துப்போன புருஷன், பெண்டாட்டி அடக்கம் செய்யட்டும் என்று தோல் பதனிடுகிறவர்கள் சொன்னார்கள். மண் பனியில் கல்லாக இருந்தது. அவர்கள் அதன் மேல் விறகை எரித்து மண்ணை இளக்கித் தோண்டினார்கள். மாவுமில் வாய்க்கால் வழக்கில் ஜெயித்த குடியானவன் வந்தான், ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், மெழுகுவர்த்தி செய்கிறவர்களும் வந்தார்கள்.

குழியில் அவரை இறக்கியதும் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எல்லோரும் ஹில்ட்ரூட்டைப் பார்த்தார்கள். அப்போது பார்த்துப் பேராலயத்தின் இரண்டு மணிகளும், ஒன்று அரசரின் ஆயருக்காகவும் ஒன்று போப்பாண்டவரின் ஆயருக்காகவும், ஒன்றையொன்று அமுக்கிவிடும் வேகத்தில் அடிக்க ஆரம்பித்தன. ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். ஓயவில்லை. குளிரில் குழந்தைகள் சிணுங்கின. கடைசியில் ஹில்ட்ரூட் அந்தச் சத்தத்திலேயே குழியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்களுக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் பேசினாள், நடுவில் ஒரு தடவை விரலை நீட்டி அதட்டினாள், ஒரு தடவை சிரித்தாள், பிறகு குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து, அது இன்னும் சூடாக இருந்ததால், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.